எண்ணூர்த் தூசியை வைத்துப் பள்ளியில் ஒரு இன்ஸ்டலேஷன் (பொருள்களை வைத்து அமைக்கும் கலைக் காட்சி) செய்யலாமா?

ட்ராயிங் வாத்தியார் (கேட்டவர்)

வணக்கம். வடசென்னையில், எண்ணூர் அனல்மின் நிலையங்களுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் பத்தொன்பது வருஷமாக ஓவிய ஆசிரியராக இருக்கிறேன். வாரத்துக்கு இரண்டு பீரியட். அதில் ஒன்றைக் கணக்கு சார் கடனாகக் கேட்பார். கொடுத்தது ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

பிப்ரவரி கடைசியில் பள்ளிக் கண்காட்சி. தலைப்பு 'சுற்றுச்சூழலும் உடல்நலமும்'. இந்தத் தலைப்புக்கு என்ன செய்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். தெர்மாகோல் பூமி உருண்டை, அதன் கண்ணில் ஒரு சொட்டுக் கண்ணீர், பக்கத்தில் 'மரம் வளர்ப்போம்'. நானே இதுவரை பதினோரு உருண்டை செய்து கொடுத்திருக்கிறேன். தெர்மாகோலை வெட்டும்போது பறக்கிற துகள் சட்டையை விட்டுப் போக இரண்டு நாளாகும். அது தனி மாசு.

இந்த முறை வேறு மாதிரி செய்யலாம் என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சொன்னேன். என் யோசனை, காகிதக் கூழில் ஆள் உயர நுரையீரல். ஒரு பக்கம் இளஞ்சிவப்பு, மறுபக்கம் கறுப்பு பெயிண்ட், உள்ளே மினுக்குகிற பல்பு. போர்டில் வரைந்தும் காட்டினேன். பின் பெஞ்சிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: "கறுப்பு பெயிண்ட் எதுக்கு சார்? எங்க வீட்டு ஜன்னலைத் தொடச்சாலே வருதே."

மறுநாள் கொண்டும் வந்துவிட்டாள். அவள் அப்பாவின் பழைய வேட்டியில் கிழித்த ஒரு முழத் துணி, பால் கவருக்குள் மடித்து வைத்திருந்தாள். பிரித்துப் பார்த்தால் அது கறுப்பே இல்லை. சிமெண்ட் தரையில் தண்ணீர் காய்ந்தால் ஒரு திட்டு விழுமே, அந்த நிறம். ஆங்காங்கே மட்டும் கறுப்புப் புள்ளி. நான் வாங்கி வைத்திருந்த பெயிண்ட் டப்பாவைப் பார்த்து எனக்கே கூச்சமாகிவிட்டது. விரலில் எடுத்துத் தேய்த்தால் முதலில் முகப்பவுடர் போல வழுக்கியது, அப்புறம் நறநறத்தது.

அறிவியல் டீச்சர் ஒரு சிட்டிகையை மைக்ரோஸ்கோப்பில் வைத்துக் காட்டினார். ஜவ்வரிசியைக் கொட்டி வைத்தது போலக் கண்ணாடி உருண்டைகள், இடையிடையே முனை உடைந்த கறுப்புச் சில்லுகள். நிலக்கரிக்குள் இருக்கிற மண்சத்து உலைச் சூட்டில் உருகி, புகையோடு பறக்கும்போதே உறைந்துவிடுவதால் சாம்பல் இப்படி உருண்டையாகிறது என்றார். சில்லுகள் கரியாக இருக்கலாம். பிள்ளைகள் வரிசையில் நின்று பார்த்தார்கள். ஒருவன் "அழகா இருக்கு சார்" என்றான். பின்னால் நின்றவன் அவன் மண்டையில் ஒன்று வைத்தான்.

இப்போது அந்த நுரையீரலைச் செய்ய மனசு வரவில்லை. வகுப்பில் நான்கு பிள்ளைகள் பையில் இன்ஹேலர் வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய அம்மாக்கள் கண்காட்சிக்கு வருவார்கள். கறுத்துப்போன நுரையீரலுக்கு முன்னால் அந்த அம்மாவை நிறுத்தி நான் என்ன சொல்வது? பூமி உருண்டைக்கும் திரும்ப முடியாது. தூசியையே வைத்து ஏதாவது செய்ய முடியுமா? வேறு எங்காவது செய்திருக்கிறார்களா? பட்ஜெட் 2,000 ரூபாய். அதில் 500 என் கைக்காசு.

கத்திவாக்கத்துக்காரன்

சார், கோபித்துக்கொள்ள வேண்டாம். எங்கள் தூசியை எங்களுக்கே காட்ட ஒரு கண்காட்சியா?

எங்கள் வீட்டில் மாடியில் காய்ந்த துணியை உதறாமல் யாரும் மடிப்பதில்லை. டிரம் மூடியைத் துடைத்துவிட்டுத்தான் அம்மா தண்ணீர் மொள்ளுவாள். ஆற்றில் இடுப்பளவு இறங்கிக் கையால் இறால் தடவுகிறவருக்குச் சாம்பல் எங்கே படிந்திருக்கிறது என்று கால் விரலே சொல்லும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு ஆலை எண்ணெய் வந்தபோது படகு, வலை, கூழைக்கடா எல்லாம் ஒரே நிறம். அப்போதும் கேமராவோடு நிறையப் பேர் வந்தார்கள், நன்றாகப் படம் பிடித்தார்கள், போனார்கள்.

வைப்பதென்றால் இங்கிருந்து கரண்ட் மட்டும் வாங்கிக்கொள்கிற பக்கம் வையுங்கள். அண்ணா நகரில் வையுங்கள், அடையாறில் வையுங்கள்.

கரோல்பாக் தமிழன்

நீங்கள் செய்ய நினைத்த நுரையீரல் இங்கே டெல்லியில் வந்தது. 2018 நவம்பர், தீபாவளிக்குச் சில நாள் முன்பு, சர் கங்கா ராம் மருத்துவமனை வாசலில் வைத்தார்கள். 'லங் கேர் ஃபவுண்டேஷன்' என்ற அமைப்பும் இன்னும் சிலரும் சேர்ந்து செய்தது. பெயிண்ட் கிடையாது. நுண்தூசியைப் பிடிக்கிற ஹெப்பா ஃபில்டர் துணியால் இரண்டு பெரிய நுரையீரல், பின்னால் காற்றை இழுக்க விசிறிகள். அவ்வளவுதான். அதே ஆண்டு அதற்கு முன்னால் பெங்களூரிலும், 2019 ஜனவரியில் லக்னோவிலும் இதே மாதிரி வைத்தார்கள்.

என் ஆபீஸ் வண்டி அந்த வழியாகத்தான் போகும். முதல் நாள் பளிச்சென்று வேட்டி வெள்ளை. அப்புறம் பழைய தலையணை உறை. தீபாவளி முடிந்தபோது டீக்கடை வடிகட்டித் துணி. நானே கண்ணால் பார்த்ததால் சொல்கிறேன், அது வேலை செய்தது. யாரும் தூரிகையைத் தொடவில்லை, ஊர்க் காற்றே நிறம் ஏற்றியது.

ஆனால் இரண்டு விஷயம். 'ஒரே வாரத்தில் உங்கள் நுரையீரல் இப்படித்தான் ஆகும்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றியது சுத்தப் பொய். விசிறி இரவும் பகலும் ஓயாமல் இழுக்கிறது. நம் உடம்பில் மூக்கு இருக்கிறது, சளி இருக்கிறது, அழுக்கை மேலே தள்ளுகிற மெல்லிய மயிரிழைகள் இருக்கின்றன. ஃபில்டருக்கு அதெல்லாம் இல்லை. இரண்டாவது, என் மகளுக்கு அப்போது ஆறு வயசு. வண்டியில் வரும்போது பார்த்துவிட்டு, "என் உள்ளேயும் இப்படியாப்பா?" என்று கேட்டாள். அன்று ராத்திரி தூங்கவில்லை. அடுத்த வாரமே கடன் அட்டையில் காற்றுச் சுத்திகரிப்பான் வாங்கினேன். அந்தக் கலைப்பொருள் என் வாழ்க்கையில் ஏற்படுத்திய ஒரே மாற்றம் அதுதான். எங்கள் படுக்கையறை சுத்தமானது, தெரு அப்படியே இருக்கிறது.

கரிக்கோடு

வாத்தியாரே, முதலில் அந்தப் பின் பெஞ்சுப் பெண்ணுக்கு ஒரு சபாஷ். அவள் கேட்ட கேள்வியை லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு கலைஞர் அம்மா தொழிலாகவே எடுத்துக்கொண்டார். கிம் ஏபல்ஸ். அவர் ஸ்டூடியோ ஊரின் நடுவே இருந்தது. அங்கிருந்து பார்த்தால் சான் கேப்ரியல் மலை தெரிய வேண்டும். புகைமூட்டத்தில் பெரும்பாலான நாள் தெரியாது. மலையை மறைக்கிற பொருளையே மையாக வைத்து வரைந்தால் என்ன என்று 1987-இல் தொடங்கினார்.

முறை உங்கள் 2,000 ரூபாய்க்குள் அடங்கும். தட்டு, கண்ணாடி, துணி எதுவானாலும் சரி, அதன் மேல், படத்தை ஓட்டையாக வெட்டிய ஸ்டென்சிலை வைத்து மொட்டை மாடியில் விட்டுவிட வேண்டும். காற்றில் இருப்பது நாள் கணக்கில் விழும். ஸ்டென்சிலை எடுத்தால், திறந்திருந்த இடத்தில் படம். 1992-இல் அமெரிக்க ஜனாதிபதிகளின் முகங்களைச் சாப்பாட்டுத் தட்டுகளில் இப்படி எடுத்தார். சுற்றுச்சூழல் விஷயத்தில் யார் எவ்வளவு மோசமோ, அவர் தட்டு அத்தனை நாள் கூடுதலாக வெளியே கிடக்கும். கெட்டபெயர் வாங்கியவர் முகம்தான் பளிச்சென்று விழும். இந்தக் குறும்புக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

இதே வழியில் வேறு சிலரும் போயிருக்கிறார்கள். 2015-இல் பீஜிங்கில் 'பிரதர் நட்' என்று பெயர் வைத்துக்கொண்ட ஒருவர் தொழிற்சாலை வாக்குவம் கிளீனரைத் தள்ளிக்கொண்டு 100 நாள் தெருத்தெருவாக அலைந்தார். சேர்ந்த தூசியைக் களிமண்ணில் குழைத்துச் செங்கல்லாகச் சுட்டார். 100 நாள் உழைப்புக்கு ஒரே ஒரு செங்கல். தைவானில் கலைக் கல்லூரி மாணவர்கள் மூன்று பேர் 2017 வாக்கில் 100 இடங்களில் அழுக்குத் தண்ணீர் எடுத்து ஐஸ் குச்சியாக உறைய வைத்தார்கள். உருகிவிடும் என்பதால் அதே அளவில் ரெசினில் வார்த்து, கடையில் விற்பது போல அழகான உறையும் அடித்தார்கள். தூரத்தில் பார்த்தால் நாக்கில் எச்சில் ஊறும். கிட்டே போனால்தான் உள்ளே பிளாஸ்டிக்கும் பாட்டில் மூடியும் தெரியும். உங்கள் பையன் "அழகா இருக்கு" என்றானே, அவனை அடித்திருக்கக் கூடாது. அந்த இடத்தில்தான் சரக்கு இருக்கிறது.

பயமுறுத்துவதைப் பற்றிக் கேட்டீர்கள். மைக்கேல் பின்ஸ்கி என்பவர் 2017-இல் நார்வேயின் டிரான்ட்ஹைமில் ஐந்து கூண்டு வீடுகளை ஒன்றோடொன்று கோத்து வைத்தார். ஒன்றில் நார்வேக் கடலோரத்துச் சுத்தமான காற்று, மற்றவற்றில் லண்டன், டெல்லி, சாவ் பாவ்லோ, பீஜிங் காற்று. நிஜ விஷம் இல்லை, உடம்புக்குத் தீங்கில்லாதபடி வாசனையும் மூட்டமும் கலந்து அந்த ஊர் மாதிரியே செய்தது. உள்ளே போய் வந்தவர்களை அங்கிருந்த உளவியல்காரர்கள் ஆராய்ந்தார்கள். 'இனி ஏதாவது செய்வேன்' என்ற எண்ணம் கொஞ்சம் கூடியது. ஆனால் செய்வதற்கு ஒரு வாய்ப்பை நிஜமாகவே கையில் கொடுத்தபோது, அந்த எண்ணத்துக்கும் வாய்ப்பை எடுத்துக்கொண்டதற்கும் தொடர்பு தெரியவில்லை. கரோல்பாக் நண்பர் கதைதான். அதிர்ச்சி வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறது.

அதனால் பார்க்கிறவர் கையில் ஏதாவது வேலை இருக்கட்டும். மெல் சின் என்ற கலைஞர் நியூ ஆர்லியன்ஸ் மண்ணில் ஈயம் கலந்திருப்பதைப் பற்றிச் செய்ய வந்தவர், சிலை ஒன்றும் வைக்கவில்லை. பள்ளிப் பிள்ளைகளிடம் அச்சடித்த காகிதத்தைக் கொடுத்து ஆளுக்கு ஒரு நூறு டாலர் நோட்டு வரையச் சொன்னார். மண்ணைச் சரிசெய்யப் பணம் வேண்டும், இந்தாருங்கள் பிள்ளைகள் அடித்த பணம் என்று அரசிடம் கொண்டுபோவது திட்டம். லட்சக்கணக்கில் சேர்ந்தது. அதை அள்ள வங்கிப் பணம் ஏற்றுகிற கவச வண்டி மாதிரியே ஒரு வண்டி, பள்ளிச் சமையலறைகளில் பொரித்து மிஞ்சிய எண்ணெயில் ஓடியது.

உங்களுக்கு ஒரே ஒரு கண்டிப்பு. தட்டின் பின்னால் எந்தத் தெரு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று அழியாத மையில் எழுத வையுங்கள். அது இல்லாவிட்டால் யாராவது அதிகாரி வந்து கேட்கும்போது அது வெறும் அழுக்குத் தட்டு.

ட்ராயிங் வாத்தியார்

கத்திவாக்கத்துத் தம்பி சொன்னது சுருக்கென்றுதான் இருந்தது. நான் ஊரின் எதிர்ப் பக்கத்தில் வாடகை வீட்டில் இருப்பவன், பள்ளி மணி அடித்ததும் பஸ் ஏறிவிடுவேன். தூசி எனக்கு எட்டு மணி நேரம், பிள்ளைகளுக்கு இருபத்து நாலு.

தட்டு முடிவாகிவிட்டது. படம் என்ன என்று பிள்ளைகளைக் கேட்டேன். கோலம் என்றார்கள். வாசலில் தினம் விழுவது இரண்டுதான் சார், கோலமும் தூசியும், என்றாள் அதே பெண். இவள் ஏன் எல்லாப் பரீட்சையிலும் நாற்பது வாங்குகிறாள் என்று தெரியவில்லை.

ஸ்டென்சிலுக்குத் தாள் சரிவராது, பனியில் நமுத்து வளைகிறது. ஒரு பையன் வீட்டிலிருந்து தாத்தாவின் பழைய எக்ஸ்ரே ஃபிலிம் கொண்டுவந்தான். பிளேடுக்கு வாகாக வெட்டுப்படுகிறது, வெயிலிலும் பனியிலும் நெளிவதில்லை. அடுத்த நாள் இன்னும் ஏழு வந்தன. எல்லாம் நெஞ்சு எக்ஸ்ரே. வெளிச்சத்தில் பிடித்தால் விலா எலும்புகளுக்கு நடுவே சிக்குக்கோலம் ஓடுகிறது. நான் யோசித்து வைத்ததல்ல, மலிவாகக் கிடைத்ததால் வந்தது. இதில் ஏதும் தப்பு இருந்தால் சொல்லுங்கள். பிள்ளைகள் தூசியைத் தொடுவது பற்றியும் கவலையாக இருக்கிறது.

நெபுலைசர் அக்கா

ஸ்டாஃப் நர்ஸ், குழந்தைகள் வார்டில் பன்னிரண்டு வருஷம். கலை எனக்குத் தெரியாது, மற்றதைச் சொல்கிறேன்.

எக்ஸ்ரேவில் ஓரத்தில் நோயாளி பெயர், வயசு, எண் இருக்கும். அந்தப் பட்டையை முதலில் வெட்டி எறியுங்கள். யாருக்கு டி.பி. இருந்தது என்று ஊருக்குத் தெரிய வேண்டாம். வீட்டில் கேட்டுவிட்டுத்தான் எடுத்து வந்தார்களா என்றும் பாருங்கள். அடுத்த முறை டாக்டரிடம் காட்டப் பழைய படம் வேண்டியிருக்கும்.

தூசியைக் காய்ந்த துணியால் துடைப்பதும் வாயால் ஊதுவதும் கூடாது. சாம்பலில் சிலிக்கா உண்டு, ஆர்சனிக், ஈயம் போன்ற உலோகங்களும் கொஞ்சம் இருக்கும். தட்டை எடுக்கிறவர் என்-95 முகக்கவசம் போடட்டும், முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். இன்ஹேலர் பிள்ளைகள் ஸ்டென்சில் வெட்டட்டும், பெயர் எழுதட்டும். தட்டுப் பக்கம் வேண்டாம்.

அப்புறம் முக்கியமான ஒன்று. தட்டில் விழுவது கனமான தூசி. மூச்சுக் குழாயின் கடைசி வரை போகிற பி.எம். 2.5 துகள் தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குதான் இருக்கும், சீக்கிரத்தில் கீழே விழாது, காற்றிலேயே மிதக்கும். அதற்கு நம் நாட்டு அளவு 24 மணி நேரச் சராசரியில் கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம், உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னது 15. தட்டு வெள்ளையாக இருக்கிறது, ஆகவே எங்கள் தெருக் காற்று சுத்தம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அதை எழுதி வையுங்கள்.

'இதனால்தான் ஆஸ்துமா' என்று எழுதாதீர்கள். வார்டுக்கு வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் ராத்திரி முழுக்கக் கொசுவர்த்தி எரியும். அதைச் சொன்னால் அம்மாக்கள் முகம் வாடிவிடும், ஏதோ அவர்களே குற்றம் செய்த மாதிரி. வெளிக் காற்றை அவர்களால் மாற்ற முடியாது, கொசுவர்த்தியை இன்று ராத்திரியே மாற்றலாம். இரண்டையும் சேர்த்துச் சொல்ல ஒரு ஆள் அங்கே நிற்க வேண்டும். தேதி சொல்லுங்கள், டியூட்டி இல்லாவிட்டால் நான் வருகிறேன். மூச்சின் வேகத்தை ஊதிப் பார்க்கிற பீக் ஃப்ளோ மீட்டர் என்னிடம் ஒன்று இருக்கிறது, வாய் வைக்கிற குழாய் மட்டும் ஆளுக்கொன்று வாங்கிவிடுங்கள்.

ட்ராயிங் வாத்தியார்

கண்காட்சி முடிந்தது. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

பாரிமுனை பிளாட்பாரத்தில் வெள்ளை மெலமைன் தட்டு பன்னிரண்டு வாங்கினோம், ஒன்று 40 ரூபாய். பதினொன்றைப் பிள்ளைகள் தங்கள் வீட்டு மாடியிலும் கூரையிலும் வைத்தார்கள். பன்னிரண்டாவதைத் தம்பி சொன்னபடி அண்ணா நகருக்கு அனுப்பினேன், என் மச்சினன் குடியிருக்கிற அடுக்ககத்தின் மொட்டை மாடிக்கு. சிலது 7 நாள், சிலது 14, சிலது 21.

முதல் தட்டு என்னால் போனது. தூசி ஒட்டட்டும் என்று வாஸலைன் தடவினேன். ஸ்டென்சிலைத் தூக்கும்போது அதுவும் கூடவே இழுத்துக்கொண்டு வந்து கோலம் ஈஷிவிட்டது. இரண்டாவதும் என்னால்தான். கரிக்கோல் ஓவியத்தில் கரி உதிராமலிருக்க அடிக்கிற ஃபிக்ஸேட்டிவ் ஸ்ப்ரேயை வழக்கம் போல ஒரு அடி தள்ளிப் பிடித்து அடித்தேன். மூன்று வாரச் சாம்பல் ஒரு நொடியில் பறந்தது. பிள்ளைகள் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம் இருக்கிறதே! அப்புறம்தான் புத்தி வந்து, ஸ்ப்ரேயை அண்ணாந்து மேலே அடித்து, அது பனி மாதிரி தானாக இறங்குகிறபடி விட்டோம். நான்கு தடவை அப்படிச் செய்தால் பிடித்துக்கொள்கிறது.

மூன்றாவது தட்டில் பூனை நடந்திருந்தது. கோலத்தின் குறுக்கே நான்கு பாதம், அச்சு எடுத்தது போல. பிள்ளைகளுக்கு அதுதான் ரொம்பப் பிடித்தது.

ஆறாவது தட்டு எர்ணாவூரில் ஒரு பையன் வீட்டுக் கூரையில் இருந்தது. ஒன்பதாம் நாள் அவன் அழாத குறையாக வந்தான். அவன் ஆயா அதை எடுத்துப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, துடைத்து, அலமாரியில் கவிழ்த்து வைத்துவிட்டாராம். "வெள்ளைத் தட்டை இப்புடியா அழுக்குல போட்டு வெப்பாங்க?" என்று அவனுக்குத் திட்டு வேறு. அதைக் கண்காட்சியில் வைக்க வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன். வகுப்பில் ஓட்டெடுப்பு நடந்தது. நான் தோற்றேன்.

வைத்த விதம் இது. மேசை இல்லை, சுவரில் மாட்டவில்லை. தரையில் பந்திப் பாய் விரித்து, பத்துத் தட்டையும் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் இடப்பக்கமும் ஒரு தண்ணீர் டம்ளர். எக்ஸ்ரே ஸ்டென்சில்களைப் பின்னால் ஜன்னலில் ஒட்டினோம். பார்க்க வேண்டுமானால் குனிய வேண்டும், இல்லாவிட்டால் உட்கார வேண்டும். நிறையப் பேர் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தே விட்டார்கள், சாப்பிட உட்காருவது மாதிரி சம்மணம் போட்டு. பின்னால் எழுதியிருப்பதைப் பார்க்கத் தட்டைத் தூக்கிப் பிடித்தார்கள்.

நான் பயந்தபடி யாரும் கலங்கவில்லை. சண்டைதான் போட்டார்கள். "எங்க தெருத் தட்டுல இவ்ளோ கம்மியா இருக்காது, காத்து இந்தப் பக்கம் அடிக்கற நாள்ல வெச்சுப் பாருங்க" என்று ஒரு அம்மா. அவர் சொன்னது சரி, எந்தக் காற்று எந்த வாரம் என்று நாங்கள் குறிக்கவே இல்லை. இன்னொருவர் மாடி உயரத்தைக் கேட்டார். அண்ணா நகர்த் தட்டைத்தான் எல்லோரும் தேடினார்கள். அது வெள்ளையாக இருக்கும் என்று நானும் எதிர்பார்த்தேன். இல்லை. எங்கள் தட்டைவிடக் குறைவுதான், ஆனால் நிறம் வேறு, தொட்டால் கையில் ஒட்டுகிற மாதிரி ஒரு பழுப்புக் கறுப்பு. வண்டிப் புகையாக இருக்கும் என்றார் அறிவியல் டீச்சர். "அவங்களுக்கும் இருக்கா" என்று ஒரு தாத்தா கேட்டார். அதில் திருப்தியா வருத்தமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

நர்ஸ் அக்கா சொன்னபடி வந்தார். அவருக்கு முன்னால் இருந்த வரிசைதான் நீளம். ஊதிப் பார்த்தவர்களில் மூன்று பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்கிறார். இன்ஹேலர் வைத்திருக்கிற ஒரு பையனின் அம்மா கோலத் தட்டு முன்னால் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். நான் கிட்டே போனேன். "இது சிக்குக்கோலம்தானே, அஞ்சு புள்ளி தப்பா வெச்சிருக்காங்க சார்" என்றார். ஆமாம், தப்புத்தான். ஸ்டென்சில் வெட்டும்போது நான் கவனிக்கவில்லை.

ஆறாவது இடத்தில் அந்த வெள்ளைத் தட்டு இருந்தது. பின்னால் பிள்ளைகள் எழுதியது: 'எர்ணாவூர். 9 நாள். ஆயா கழுவியது.'

கத்திவாக்கத்துக்காரன்

சார், நானும் வந்திருந்தேன். சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டேன். ஆயா தட்டு முன்னால்தான் கொஞ்ச நேரம் நின்றேன்.

காற்று, தேதி எல்லாம் குறித்து இன்னொரு தடவை வைப்பதாக இருந்தால் எங்கள் மாடியிலும் ஒன்று வையுங்கள். டிரம்முக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது. துடைக்காதே என்று அம்மாவிடம் சொல்லி வைக்கிறேன். கேட்பாளா என்பதுதான் தெரியவில்லை.